12 அடிச் சுவரைத் தாண்டிய லர்ச்சருக்கும் பாடம் அரையடிப் பலகையில்தான்... தெரியுமா?

1993 செப்டம்பர் 27. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊர். காட்ஸ்வோல்ட் நாட்டுப்புறக் கண்காட்சி நடக்கிறது. நடுவில் வழவழப்பான ஒரு மரச்சுவர். கால் வைத்து ஏறக் குறுக்குச் சட்டம்கூடக் கிடையாது. உயரம் 3.72 மீட்டர், அதாவது 12 அடிக்கும் மேல்! ஸ்டாக் என்ற 18 மாத நாய் ஓடி வந்தது, பாய்ந்தது, நகத்தால் பற்றித் தொற்றி ஏறியது, உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போயே விட்டது. கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த சாதனை அது. நம் வீடுகளில் தரையிலிருந்து கூரைக்கே பத்தடிதான், அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த ஸ்டாக் ஒரு லர்ச்சர்.

லர்ச்சர் என்பது ஓர் இனமே அல்ல, தெரியுமா? கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய் ஒரு பக்கம்: கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, டீர்ஹவுண்ட், இப்படி ஏதாவது ஒன்று. ஆடு மேய்க்கும் கோலியோ பெட்லிங்டன் டெரியரோ மறுபக்கம். இரண்டுக்கும் பிறந்த கலப்புதான் லர்ச்சர். ஓட்டம் ஒரு வழியில் வர வேண்டும், புத்தி மறு வழியில் வர வேண்டும் என்ற கணக்கு. துரத்து நாய் இனங்கள் இரண்டையே தங்களுக்குள் கலந்தால் அதற்கு லாங்டாக் என்று வேறு பெயர்! பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடோடி ஜிப்சிகளும் திருட்டு வேட்டைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய் இது. சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்துப் பழகிய நமக்கு அந்த உடம்பு புதிதல்ல. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மூஞ்சி. நம்முடைய நாய்களும் கண்ணால் கண்டு துரத்தும் வகைதானே!

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் நாய் ஓடாமலிருக்க அதன் நகத்தையே வெட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? அரசரின் மான் காடுகளுக்குள் குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தால், முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும். 1217இல் வந்த வனச் சாசனம் இதை எழுத்திலேயே முறைப்படுத்தியது. நகத்தை மட்டும் வெட்டலாம், பாதத்தின் மெத்தையை வெட்டக் கூடாதாம். அப்படியாவது இரக்கம் காட்டினார்களே! வெட்டாத நாய் பிடிபட்டால் மூன்று ஷில்லிங் அபராதம். சாசனம் வெளியானபோது அரியணையில் இருந்த மூன்றாம் ஹென்றிக்கு வயது பத்து. நியூ ஃபாரஸ்ட் காட்டின் லிண்ட்ஹர்ஸ்ட் ஊரில் பழைய இரும்பு அங்கவடி ஒன்று இன்றும் தொங்குகிறது. அதற்குள் நுழைந்து வெளியே வருகிற அளவுக்குச் சின்ன நாய் என்றால் நகம் தப்பியது என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். லர்ச்சர் நுழையுமா? தலைகூட நுழையாது!

சரி, இந்தக் கால்களுக்கு ஏன் அவ்வளவு பயந்தார்கள்? கிரேஹவுண்டின் ஓட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முழுப் பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இரண்டு முறை தரையை விட்டு மேலே போகின்றன. உடம்பு வில்லாக வளைந்து கால்கள் அடியில் குவியும்போது ஒருமுறை, முழு நீளத்துக்கு விரியும்போது இன்னொரு முறை. குதிரைக்குக்கூட ஒரு பாய்ச்சலுக்கு ஒரு முறைதான்! வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். லர்ச்சர் கொஞ்சம் மெதுவாக, 60இல் ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல். எதிரே வேலி இருக்கிறது என்று உணர்ந்து, உயரத்தைக் கணித்து, கால் ஊன்றி எழும்ப எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கும்? கண் சிமிட்டும் நேரம்!

அதனால்தான், இந்த நாய்களை வளர்த்துக் கரைகண்டவர்கள் லர்ச்சர் குட்டிக்கு வேலி தாண்டச் சொல்லிக்கொடுக்கும்போது, தாண்டுவதைவிட நிற்பதற்கு அதிகப் பாடம் வைக்கிறார்கள். வேலிக்கு முன்னால் நில், என்னைப் பார், நான் சொன்ன பிறகு எழும்பு. உயரம் தாண்டும் திறமை அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. நிற்கிற பழக்கம்தான் மனிதன் கொடுக்க வேண்டியது.

எப்போது தொடங்குவது? இங்கேதான் பலருக்கு அவசரம். ஏழெட்டு மாதத்தில் குட்டி நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும், பார்த்தால் முழு நாய்! ஆனால் கால் எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தகடு என்று ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அது இறுகி முழு எலும்பாவதற்குப் பெரிய உடம்புக்கார நாய்களில் ஒரு வயது, சிலவற்றில் ஒன்றரை வயதுகூட ஆகிவிடும். அதற்குள் உயரத்திலிருந்து விழுந்து விழுந்து இறங்கினால் அந்தத் தகடு நசுங்கலாம், கால் கோணலாக வளரலாம். நாய்கள் கம்பத்தைத் தாண்டி இறங்கும்போது தரையில் விழும் விசையை அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்னங்கால்கள் வாங்கும் உச்ச விசை உடம்பு எடையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! 25 கிலோ நாய் என்றால் 100 கிலோவைத் தாண்டுகிற சுமை, அந்தக் குச்சிக் கால்களில்.

இன்னொரு ஆச்சரியம். பிரிட்டனின் கென்னல் கிளப் நடத்தும் தடைதாண்டும் போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாய்க்கு அனுமதி இல்லை. பெரிய நாய்களுக்கான கம்பத்தின் உயரமோ வெறும் 60 சென்டிமீட்டர்! குதிரைப் போட்டியைப் பார்த்து, 1978இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையை நிரப்ப ஒரு வேடிக்கையாகத் தொடங்கியதாம் இந்த விளையாட்டு. இன்று உலகம் முழுக்க நடக்கிறது. லர்ச்சர் இனமே இல்லை என்பதால் கிரஃப்ட்ஸில் அழகுப் போட்டிக்கு வர முடியாது, ஆனால் இந்தத் தடைதாண்டலுக்கு வரலாம்.

முதல் பாடத்துக்குக் களமே வேண்டாம், தெரியுமா? நாய்க் கொட்டிலின் வாசலில் குறுக்கே ஒரு பலகை. அரையடி உயரம். அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு. குட்டி அதைத் தாண்டுவதில்லை, கால் எடுத்து வைத்து ஏறிக் கடக்கிறது, அவ்வளவுதான். தினம் இரண்டு வேளை, யாரும் சொல்லாமலே. 'குறுக்கே ஒன்று இருந்தால் மேலே போக வேண்டும்' என்பது புத்தியில் பதிந்துவிடுகிறது. மாதங்கள் போகப் போகப் பலகை கொஞ்சம் உயரும், ஆனால் எலும்பு முற்றும்வரை முழங்கால் உயரத்தைத் தாண்டாது.

கவனியுங்கள், பலகை தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். கீழே சந்து விட்டால் தீர்ந்தது கதை! ஒரு தடவை அடியில் நுழைந்து போய் ருசி கண்ட குட்டி, அப்புறம் எந்த வேலியைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத் தரையில் வைத்துச் சந்து தேடும். கம்பி வேலியைப் பார்த்தால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை விடும். அதனால்தான் முதலில் கம்பியைக் காட்டாமல் பலகையைக் காட்டுகிறார்கள்.

அப்புறம் கட்டளைச் சொல். 'ஓவர்' என்பார்கள், 'அப்' என்பார்கள். எந்தச் சொல்லானாலும் ஒன்றே ஒன்றுதான். முதலில் வளர்ப்பவர் பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று கூப்பிடுவார். அது பழகிய பிறகு அவரும் குட்டியும் ஒரே பக்கம் நின்று நாயை மட்டும் அனுப்புவது. அது கடினம், ஏனென்றால் குட்டிக்கு எஜமானை விட்டுப் போக மனம் வராது. அதைவிடக் கடினம், போன நாயை அதே வழியில் திரும்பத் தாண்டி வரச் செய்வது! ஒரு பக்கம் போகத் தெரிந்து மறுபக்கம் வரத் தெரியாத இளம் நாய் வேலியோரம் இங்கும் அங்கும் ஓடிக் கத்தும். பதற்றத்தில் கண்ட இடத்தில் பாயும். விபத்து பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான்.

ஒரு வேளைக்கு நாலைந்து தாண்டல் போதும். உடம்பு சூடேறாமல் தொடங்கக் கூடாது. சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம், பனியில் இறுகிய நிலமும் கோடையில் காய்ந்து கட்டியான நிலமும் அதே கணக்கில் சேரும். கழுத்தில் வார் கட்டியபடி தாண்ட விடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வார் ஒரு கட்டையில் மாட்டினால் நாய் தூக்கில் தொங்கும்.

பிரிட்டனில் பொது இடத்துக்குப் போகும் நாய்க்கு, உரிமையாளர் பெயரும் முகவரியும் பொறித்த கழுத்துப்பட்டை கட்டாயம் என்கிறது 1992ஆம் ஆண்டு ஆணை ஒன்று. ஆனால் வேட்டை விளையாட்டில் இறங்கியிருக்கும் நாய்க்கு விலக்கு உண்டு! முள்ளிலும் வேலியிலும் பட்டை மாட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் நாயை அவிழ்த்து விடும்போது பட்டையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும்விடப் பொல்லாத எதிரி. முள்கம்பி! 1874இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கிய முள்கம்பி, பிரிட்டிஷ் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே ஆட்டு வேலி என்றால் கீழே சதுரக் கண் வலை, அதற்கு மேலே ஒன்றோ இரண்டோ முள்கம்பி இழை, மொத்தம் ஒரு மீட்டர் சொச்சம். லர்ச்சருக்கு அது ஒரு உயரமே இல்லை. ஆனால் கொஞ்சம் குறைவாக எழும்பினால்? பின்னங்கால் வலைக்கும் முள்கம்பிக்கும் நடுவே இறங்கிவிடும். உடம்பு அந்தப் பக்கம் விழ, இரண்டு கம்பிகளும் காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். நாய் தலைகீழாகத் தொங்கும். அந்த நேரத்தில் முதல் வேலை காலை இழுப்பதல்ல, உடம்பைத் தூக்கிப் பிடித்துப் பாரத்தைக் குறைப்பது. வலியில் வளர்த்தவரையே கடிக்கும், ஆகவே அதன் வாயைக் கட்டிவிட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் பையில் கம்பி வெட்டும் குறடு வைத்திருக்கிறார்கள். வெட்டிய வேலிக்கு அப்புறம் விவசாயியிடம் காசு கொடுத்துக்கொள்ளலாம்!

இந்தக் கம்பியைத் தாண்டக் கற்றுத்தரும் உபாயம் எவ்வளவு எளிது, தெரியுமா? ஒரு தீவனச் சாக்கு. அதை முள்கம்பியின் மேல் குறுக்கே போட்டு, இரு பக்கமும் தொங்க விடுகிறார்கள். நாயின் கண்ணுக்கு இப்போது அது கம்பி இல்லை, பழைய பலகைதான். தயங்காமல் தாண்டும், கால் உரசினாலும் முள் கிழிக்காது. அடுத்த சில வாரங்களில் சாக்கை மடித்து மடித்து அகலத்தைக் குறைப்பார்கள். பாய் அகலம் துண்டு அகலமாகும், துண்டு ஒரு பட்டையாகும், கடைசியில் ஒரு கிழிசல் துணி மட்டும் கம்பியில் ஆடும். அதற்குள் நாய்க்கு விஷயம் புரிந்திருக்கும், கம்பி இருக்கிற இடத்தில் அதன் தலைக்கு மேலே நிறைய இடம் விட்டுப் பறக்க வேண்டும். சாக்கு இல்லாத நாளில் மேல் கோட்டைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கோட்டுகளின் லட்சணத்தைப் பார்த்தாலே தெரியும்!

ஏன் சாக்கு? நாயின் கண்ணைக் கேளுங்கள். நம் கண்ணுக்கு 75 அடியில் தெளிவாகத் தெரிகிற நுட்பத்தைப் பார்க்கச் சாதாரண நாய் 20 அடிக்கு வர வேண்டும். தூரத்தில் ஓடும் முயலின் அசைவைச் சட்டென்று பிடிக்கும் அதே கண்ணுக்கு, அசையாமல் நிற்கும் மெல்லிய கம்பி பெரிதாகப் படாது. நிறமும் அப்படியே. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பிப்போகும். பச்சைப் புல்லுக்கு முன்னால் சிவப்புக் கம்பம் நட்டுவிட்டு 'எவ்வளவு பளிச்!' என்று மகிழ்கிறவர் மனிதர் மட்டும்தான். குதிரைக்கும் இதே கண் என்பதால் பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்தில் காலம்காலமாக ஆரஞ்சு நிறத்தில் இருந்த தடைகளை, எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு வெள்ளைக்கு மாற்றினார்கள். அவ்வளவு வருஷமும் அந்த ஆரஞ்சு யாருக்காக அடித்ததோ!

கற்சுவர் பக்கம் வருவோம். யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப் பகுதியில் மட்டும், சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் 8,000 கிலோமீட்டருக்கும் மேல்! அந்தச் சுவர்களின் அடியில் சில இடங்களில் சதுரமாக ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். முயலும் குழிமுயலும் போய்வர வழி, பெயர் 'ஸ்மூட்'. முயல் குனிந்து அதில் நுழைந்து போய்விடும். பின்னால் வரும் லர்ச்சருக்கு மேலேதான் வழி. உச்சியில் செங்குத்தாக அடுக்கிய கற்கள் ஒட்டப்படாதவை. கால் வைத்து உந்தினால் கல்லும் நாயும் சேர்ந்து இறங்கும். ஆகவே சுவரில் கால் படாமல் தாண்டத் தெரிந்த பிறகுதான் அந்த மலைக்கு அழைத்துப்போக வேண்டும்.

உயிர்வேலியிலோ கருமுள் செடி. இலை உதிர்ந்த மாதத்தில் பார்க்க ஓட்டையாகத் தெரியும். நாய் நடுவில் பாயும். முள் உள்ளே போய் முறிந்து தங்கும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், நாலு நாளில் மூட்டு வீங்கிச் சீழ் வைக்கும்.

'ஹா-ஹா' என்று ஒரு வேலி இருக்கிறது, இது சிரிப்பல்ல! 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களில் வெட்டியது. ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையே இல்லாமல் மேய்ச்சல் நிலம்வரை ஓடும். ஆனால் நடுவே ஒரு பள்ளம், அதன் ஒரு பக்கம் செங்குத்துச் சுவர். ஆடு மாடு ஏறி வர முடியாது, பிரபுவின் கண்ணுக்கும் வேலி தெரியாது. மாளிகைப் பக்கமிருந்து ஓடிவரும் நாய்க்கும் தெரியாது, அதுதான் வினை. தாண்டும் நாய்க்கு வேலியைவிட, வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது முக்கியம். பள்ளமா, கலப்பையா, தார்ச்சாலையா? நாயை நிறுத்தி வைத்துவிட்டு மனிதன் முதலில் எட்டிப் பார்க்கும் வழக்கம் இதற்காகத்தான்.

லர்ச்சரின் முன்னங்காலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதத்துக்கு மேலே, மணிக்கட்டின் பின்பக்கம், தனியாக ஒரு சின்னக் கறுப்பு மெத்தை. நிற்கும்போது அது தரையைத் தொடவே தொடாது. பிறகு எதற்கு? வேகமாகத் திரும்பும்போதும் உயரத்திலிருந்து இறங்கும்போதும் மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து, அந்த மெத்தை தரையில் உரசிப் பிரேக் போடுகிறது! 'ஸ்டாப்பர் பேட்' என்றே அதற்குப் பெயர். தாண்டல் பாடம் முடிந்ததும் வளர்ப்பவர் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான். தோல் வழண்டிருந்தால் தரை கடினம், அல்லது பாடம் அதிகம் என்று பொருள்.

இந்த நாய்களுக்குத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு. கம்பி பட்டால் துணி கிழிவதாகக் கிழியும். தையல் போட மயக்க மருந்து வேண்டும். அங்கே இன்னொரு சூட்சுமம்: தயோபென்டால் என்ற பழைய மயக்க மருந்தைக் கிரேஹவுண்ட் வழி வந்த நாய்களின் ஈரல் மிக மெதுவாகத்தான் உடைக்கும். மற்ற நாய் எழுந்து நடக்கிற நேரத்தில் இது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் கால்நடை மருத்துவரிடம் 'இதற்குள் கிரேஹவுண்ட் ரத்தம் இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்திலும் ஒரு விசேஷம் உண்டு. கிரேஹவுண்டுக்குச் சிவப்பணு அடர்த்தி மற்ற நாய்களைவிட அதிகம், எல்லா நாய்க்கும் ஏற்றக்கூடிய வகையும் அதில் நிறையவே கிடைக்கும். நாய் ரத்த வங்கிகள் அதைத் தேடிப் பிடிக்கின்றன!

பந்தயக் களத்திலும் தாண்டல் உண்டு. 1927இல் லண்டன் வொய்ட் சிட்டியில் கிரேஹவுண்டுகளுக்கென்றே தடைதாண்டும் 'கிராண்ட் நேஷனல்' தொடங்கியது. ஷெர்ரீஸ் பிரின்ஸ் என்ற நாய் 1970, 71, 72 என்று மூன்று வருஷம் தொடர்ந்து வென்றது. தரையிலிருந்து சுத்தமாக எழும்பி உயரம் தாண்டியதில் 2017இல் அமெரிக்காவின் ஃபெதர் என்ற கிரேஹவுண்ட் எட்டிய சாதனை 191.7 சென்டிமீட்டர். ஆறடி மனிதர் தலையில் தொப்பி வைத்து நின்றாலும் மேலே போய்விடும்!

இவ்வளவும் எதற்கு, வேட்டைக்கா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் நாயை விட்டு முயல் துரத்துவது குற்றம். நில உரிமையாளர் சம்மதித்தால் குழிமுயலுக்கும் எலிக்கும் விலக்கு உண்டு. லங்காஷயரில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை முயல் துரத்தல் போட்டி அந்த வருஷத்தோடு நின்றுபோனது. ஆனால் நடக்க உரிமையுள்ள பொது வழிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து சுமார் 2,25,000 கிலோமீட்டர். வயல்களுக்கு ஊடே, வேலிக்கு வேலி ஏறி இறங்கும் மரப்படிகளோடு! நாயோடு நடக்கப் போகிறவர் 25 கிலோவை ஒவ்வொரு படியிலும் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? சொன்னால் தாண்டவும் சொன்னால் நிற்கவும் தெரிந்த நாய் அங்கே வரப்பிரசாதம். சில வேலிகளில் நாய்க்கென்றே மேலே தூக்கும் சின்னக் கதவு இருக்கும், அது இருந்தால் தாண்டலே வேண்டாம், கதவைத் தூக்குங்கள்.

சொல்லாமலே தாண்டுகிற நாயோ, தலைவலி. அந்தப் பக்கம் ஆட்டு மந்தை மேய்ந்தால் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளர் குற்றவாளி. வேறு வழியில்லாமல் மந்தையைக் காக்க விவசாயி நாயைச் சுட்டுவிட்டு, 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டால், நஷ்டஈட்டு வழக்கில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். ஆகவே ஆடு இருக்கிற வயல் ஓரத்தில் தாண்டல் பாடமே கிடையாது, கையில் வாரோடு நடைதான்.

தோட்டத்து வேலியை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களை மட்டும் யாராவது தடுத்து நிறுத்துங்கள்! லர்ச்சர்களைத் தத்துக் கொடுக்கும் காப்பகங்கள் பல, வீட்டைச் சுற்றி ஐந்தடியோ ஆறடியோ வேலி இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிக்கின்றன. அந்த ஆறடிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சோ குப்பைத் தொட்டியோ விறகு அடுக்கோ கிடந்தால் நாய்க்கு அது பாதி வழிப் படிக்கட்டு. வாசலில் முதல் பலகையைக் குறுக்கே வைப்பதற்கு முந்தின நாளே அதையெல்லாம் இழுத்து நடு முற்றத்தில் போட்டுவிடுங்கள்.